ஞாயிறுதோறும் ஐந்து சென்டிமீட்டர்

காலையில் எழும்போது முதலில் தலையை இடப்பக்கம் சாய்ப்பேன். கட்டிலுக்கு மேலே கம்பு போகிறது. பீரோவின் உச்சியில் ஒரு முனை. அங்கிருந்து சரிவாக இறங்கி, அறையைக் கடந்து, அடுப்படிக்குள் நுழைந்து, ஜன்னல் விளிம்பில் படிந்து, வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீடு கம்பை விடக் குட்டை. பீரோ பக்கம் நிமிர்ந்து நடக்கலாம். மேசைப் பக்கம் குனிய வேண்டும். அடுப்படியில் கிட்டத்தட்டத் தவழ வேண்டும். குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும், பக்கவாட்டில் நுழைவேன். பல் துலக்குவேன். டீயைக் கம்புக்கு இந்தப் பக்கம் போட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்து குடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். வேலைக்குப் போவேன்.

பக்கத்துக் கட்டடத்து அம்மா தன் பால்கனியிலிருந்து கையை நீட்டி, வெளியே இருக்கும் முனையில் ஈரத் துண்டைக் காயப்போடுவார். "தம்பி, போட்டுக்கட்டுமா?" என்று முதல் நாள் கேட்டார். தலையாட்டினேன். இப்போது கேட்பதில்லை.

என் மனைவி கோலூன்றித் தாண்டும் வீராங்கனை. பத்திரிகையில் அப்படிப் போடுவார்கள். வீட்டில் கம்பு என்போம். நான் லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். "நாம ரெண்டு பேருமே மேல போற தொழில்தான். நீ பட்டன அமுக்குற, நான் ஓடுறேன்" என்பாள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இருந்தாலும் கம்பு அதற்குள் நுழையாது. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நான் கயிற்றால் இழுக்க, அவள் தெருவில் நின்று கத்துவாள். பிறகு அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கிடத்துவோம்.

அன்று மட்டும் கிடத்தவில்லை. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. கம்பு நனைந்துவிட்டது. காயட்டும் என்று பீரோவுக்கும் ஜன்னலுக்குமாக அவளே சாய்த்து வைத்தாள். தலை வலிக்கிறது என்று படுத்தாள். மாலைக்குள் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஹைட்ராலிக் லிஃப்டில் குழாய் வெடித்தால் ஒரு வால்வு தானாக மூடிக்கொள்ளும், பெட்டி கீழே விழாது என்று நான் அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டினார்.

கம்பு மறுநாளே காய்ந்துவிட்டது.

போட்டி இன்னும் முடியவில்லை. அதை விளக்க வேண்டும்.

கம்பை ஊன்றித் தாண்டும்போது மேலே குறுக்காக இருக்கும் கோலுக்கு 'பார்' என்று பெயர். அது விழக்கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் பாரை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றுவார்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற்றம். ஓர் உயரத்தில் தாண்ட விருப்பமில்லை என்றால் 'பாஸ்' சொல்லிவிட்டு அடுத்த உயரத்துக்குக் காத்திருக்கலாம். பெயரை அழைத்த பிறகு ஒரு நிமிடம் தருவார்கள். அதற்குள் ஆள் வராவிட்டால் அதையும் பாஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தலைமை நடுவரை எல்லோரும் 'ஒரு நிமிஷம் சார்' என்று கூப்பிடுவார்கள். விதி தெரிந்த மனிதர். மழைக்குப் பிறகு அடுத்த ஞாயிறு போட்டியைத் தொடர்ந்தார். என் மனைவியின் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார். கைக்கடிகாரத்தை அமுக்கினார். ஒரு நிமிடம் போனது. மஞ்சள் கொடியை உயர்த்தினார். பாஸ்.

"சார், அந்தப் பொண்ணு செத்துப்போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் ஒரு நிமிஷம் சார். "ஆனா தவறல. விலகுறேன்னும் சொல்லல. வரல, அவ்வளவுதான். வரலன்னா பாஸ்."

மைதானம் ஞாயிறு காலை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் பாதி, குதிக்கிற மெத்தையில் படுத்திருக்கும் நாயை விரட்டவே போய்விடும். அதனால் ஒரு ஞாயிறுக்கு ஓர் உயரம். பார் வாராவாரம் ஏறுகிறது. என் மனைவி வாராவாரம் பாஸ்.

மாமியார் குடையோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். மகளின் பெயரை அழைத்ததும் எழுந்து நிற்பார். நிமிடம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்: "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. கூப்பிட்டா ஒரு நாளாவது உடனே வந்திருக்காளா?"

இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு மதில்சுவர். பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்தை எடுக்க, அவள் ஒட்டடைக் கம்பை ஊன்றித் தாண்டியிருக்கிறாள். அதைப் பார்த்தது அவளுடைய தாய்மாமன். அவர் உடற்பயிற்சி ஆசிரியர். ஆடு தானாக வந்து தலையை நீட்டுகிறது என்று அன்றே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானம் ஏறப் போறாளாம்" என்றாராம். அவள் அடுத்த நாள் கூரை ஏறிக் கோழியைப் பிடித்து அம்மா மடியில் போட்டாளாம். கோழி அடுத்த வீட்டுக்காரருடையது.

அதன் பிறகு வாழ்க்கை முழுக்கக் கம்போடுதான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் கழிவறை வாசலிலிருந்து அடுத்த பெட்டிவரை நீளும்; எல்லோரும் தாண்டித் தாண்டிப் போவார்கள். "இதென்ன, திரைச்சீலை மாட்டுற கம்பியா?" என்று ஒரு டிக்கெட் பரிசோதகர் கேட்டார். "ஆமா சார், பெரிய ஜன்னல்" என்றாள். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் வீட்டுக்கு வந்த வண்டியில் முன்னால் அவள், பின்னால் நான், நடுவில் கம்பு. வெளியே நீட்டிய முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். பார்த்தவர்கள் வண்டி பழுது என்று நினைத்தார்கள்.

நிறையப் பதக்கம் வாங்கினாள் என்று சொல்ல முடியாது. நான்கு வாங்கினாள். ஒன்றைக் கதவு அடிக்காமல் இருக்க அடியில் வைத்திருந்தோம். கம்பு விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. தோற்றவர் மூன்று முறை தவறி வீட்டுக்குப் போவார். ஜெயித்தவரும் ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் மூன்று முறை தவறித்தான் வீட்டுக்குப் போவார்.

இதைத்தான் பயிற்சியாளர் மாமா பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, யோசிச்சுப் பாருங்க. உலகத்துல எந்தக் கம்புக்காரியும் தோக்காம முடிச்சதில்ல. நம்ம பொண்ணு ஒருத்திதான். இப்படியே பாஸ் போனா இன்னும் ஆறு மாசத்துல உலக சாதனைக்கு மேல போயிடுவா."

"தாண்டாமயா மாமா?"

"தோக்காம. அத விடுங்க. கம்ப மட்டும் வெளிய விட்டுடாதீங்க. கம்பு இல்லாதவ எப்படிப் பாஸ் சொல்றான்னு ஒருத்தன் கேட்டுட்டா, தீந்தது கதை."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். கம்பில் தலை இடித்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பேன். அதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள். "அம்மான்னுதானே கூப்பிட்டா?" என்றார் மாமியார். அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். "இன்னும் அஞ்சு சென்டிமீட்டர்னுதானே சொல்லிருப்பா?" என்றார் மாமா. அதற்கும் தலை ஆடியது. மறுவாரம் போய்ப் பார்த்தால், மைதானச் சுவரில் அதை நீல பெயின்டில் எழுதி, கீழே அவள் பெயரையும் போட்டிருந்தார். பக்கத்துக் கட்டடத்து அம்மா மட்டும் கேட்கவில்லை. துண்டைப் பிழிந்துவிட்டுப் போடட்டுமா என்று கேட்டார்.

உண்மையில் சொன்னது வேறு. அது கொக்கு சம்பந்தப்பட்டது.

கொக்கு என்பது என் மனைவி வைத்த பெயர். உயரமான பெண். பத்து வருடமாக இருவரும் எதிரிகள். ஒரே தட்டில் சாப்பிடும் எதிரிகள். ஒரே எடை. அதை இருவரும் ஒப்புக்கொண்டதில்லை. கம்பு ஆளின் எடைக்குத் தகுந்தபடி செய்யப்படுவது. அடுத்தவர் கம்பு பொருந்தாது. இவர்கள் இருவருக்கும் மட்டும் பொருந்தும்.

மழை வந்த அன்று கொக்கு இரண்டு முறை தவறியிருந்தாள். இரண்டாவது முறை பார் விழுந்த பிறகு, அவள் கம்பும் கீழே அடிபட்டு நடுவில் முறிந்தது. ஓடுபாதையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கம்பு கப்பலில்தான் வரும், ஆறு மாதம் ஆகும். இந்தப் போட்டியில் நான்கு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் தாண்டினால் பயிற்சி முகாமில் இடம். அதற்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அது இந்த வருடத்தோடு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு முயற்சி பாக்கி. ஆனால் கம்பு இல்லை. அதனால் அவளும் வாராவாரம் பாஸ். ஒருத்தி உயிரோடு பாஸ், ஒருத்தி இல்லாமல் பாஸ். பார் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு நாலு அஞ்சு. அதற்கு அடுத்தது நாலு பத்து. கொக்கு வாழ்க்கையில் தாண்டாத உயரம்.

ஆக, அந்த ஒரு ஞாயிறுதான். அவள் வந்து கேட்டால் கம்பைக் கொடுத்துவிடுவேன். கேட்காமல் கொடுக்க முடியாது. காரணம், என் மனைவி கடைசியாகச் சொன்னது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை கொக்கு வந்தாள்.

"சும்மா வந்தேண்ணா."

"வா. தலை."

இடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் கம்பைத் தவிர எல்லாவற்றையும் பார்க்க முயன்றாள். முடிகிற காரியமில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே இருந்தது.

"நாளைக்கு நாலு அஞ்சுண்ணா."

"தெரியும்."

"நான் ஒரே ஒரு தடவதான் அதத் தாண்டிருக்கேன். அன்னைக்கு அக்கா என்ன சொன்னா தெரியுமா? 'நல்ல காத்துடி, பாலித்தீன் கவர் கூடத்தான் பறக்குது'ன்னா."

சிரிக்க வேண்டிய இடம். அது தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு." நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் கம்பையே பார்த்தாள். வாய் திறந்தது. மூடியது.

"மழை பெஞ்சா இந்த ஜன்னல எப்படி மூடுவீங்க?"

"மூட முடியாது."

"ஓ."

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லண்ணா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அவ்வளவுதாண்ணா."

போய்விட்டாள். படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்றாள். பிறகு தெருவிலிருந்து குரல் வந்தது. என்னைப் பார்த்துக் கேட்க முடியாததை, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய முனையைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா! கம்பக் குடுக்கா! ஒரே ஒரு தடவக்கா!"

பால்கனிகளில் ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் கட்டடத்து அம்மாவும் வந்தார்.

"இரும்மா" என்றார். "மொதல்ல என் துண்ட எடுத்துக்கிறேன்."

ஞாயிறு காலை கம்பைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கொக்கு கீழே நின்று பிடித்தாள். "இடப்பக்கம்ணா! உங்க இடப்பக்கம் இல்ல, என் இடப்பக்கம்!" என் மனைவியும் இதையேதான் கத்துவாள். மேலே திரும்பிப் பார்த்தேன். அறை பெரிதாக இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

முன்னால் அவள், பின்னால் நான். முதல் தெருமுனையில் அவள் இடப்பக்கம் திரும்பினாள். பின்முனை வலப்பக்கம் வீசி, டீக்கடைப் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். எழுந்து பார்த்துவிட்டு மறுபடி டீ குடித்தார்கள். ஒரு பஸ் எங்களுக்காக நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறுங்க. ஆனா அதுக்கு மூணு டிக்கெட்."

"நடந்தே போறோம் சார்."

"அது நடக்காதே, நீங்கதானே தூக்கிட்டுப் போறீங்க" என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார்.

மைதானத்தில் நாயை விரட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பைப் பார்த்ததும் மாமா ஓடிவந்தார்.

"மாப்ள, என்ன காரியம் பண்றீங்க? கொக்குக்கு ஒண்ணே மதி. அவளுக்குக் கம்பு வேணும், அவ்வளவுதான். நம்ம பொண்ணு நெலமை என்ன ஆவறது?"

"அவ பாஸ் மாமா."

"கம்பே இல்லாமயா?"

ஒரு நிமிஷம் சார் வந்தார். கம்பை மேலும் கீழும் பார்த்தார். மாமா சொன்னதைக் கேட்டார்.

"கம்பு இல்லாம பாஸ் சொல்லலாமான்னு விதியில ஒண்ணும் இல்ல. ஆள் இல்லாமலே சொல்றாங்களே" என்றார். பிறகு கொக்கின் பக்கம் திரும்பினார். "ஆனா இது உன் கம்பு இல்ல. சொந்தக்காரர் சம்மதம் இல்லாம அடுத்தவங்க கம்புல தாண்டக் கூடாது. அது விதியில இருக்கு."

"நான் சம்மதிக்கிறேன் சார்" என்றேன்.

"நீங்க யாரு?"

"புருஷன்."

"புருஷன் போட்டியில இல்ல. கம்பு போட்டியாளரோடது. அவங்க இன்னும் போட்டியில இருக்காங்க. அவங்க வாயால சொல்லணும்."

கொக்கின் கை கம்பிலிருந்து நழுவியது.

"சொன்னா சார்" என்றேன்.

"எப்ப?"

"கடைசியா."

மைதானத்தில் எல்லோரும் கிட்டே வந்தார்கள்.

"கடைசியா சொன்னது அதோ செவுத்துல இருக்கே!" என்றார் மாமா. "இன்னும் அஞ்சு சென்டிமீட்டர்!"

"அம்மான்னு கூப்பிட்டாடா!" என்றார் மாமியார், குடையை ஊன்றிக்கொண்டு. "மாப்பிள்ளையே சொன்னார்!"

"ஒரு நிமிஷம்" என்றார் ஒரு நிமிஷம் சார். எல்லோரும் நிறுத்தினார்கள். கைக்கடிகாரத்தை அமுக்கினார். "சொல்லுங்க. அவங்க சொன்னபடியே சொல்லணும். கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது."

மாமியார் என்னையே பார்த்தார். இந்த முறை யாரும் எனக்காகச் சொல்லவில்லை. நேரம் ஓடியது. பிறகு சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு, பாதி அலுப்போடு.

மாமா சுவரைத் திரும்பிப் பார்த்தார். முதலில் மாமியார்தான் வாய் திறந்தார்.

"அவதான்" என்றார். "அப்படியேதான் பேசுவா." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மாமா பிடித்துக்கொண்டார். சிரிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கழித்து அழுதார்.

"சம்மதம்" என்றார் ஒரு நிமிஷம் சார். "பேரக் கூப்பிடுங்க."

கம்பு வழுக்காமல் இருக்கக் கொக்கு கையில் பிசினை அப்பினாள். தேவைக்கு மேலேயே அப்பினாள். ஓடுபாதையின் கோடியில் போய் நின்றாள். அங்கிருந்து பார்க்கும்போது கம்புதான் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. ஓடிவந்தாள். குழியில் ஊன்றினாள். எங்கள் வீட்டில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அசையாமல் கிடந்த கம்பு வில்லாக வளைந்தது. அது அவ்வளவு வளையும் என்பதை மறந்திருந்தேன். பிறகு நிமிர்ந்தது. கொக்கு கால் மேலாகப் போனாள். பாருக்கு மேலே அவள் வயிறு போனது, நெஞ்சு போனது, கையைத் தூக்கினாள். சட்டை நுனி பாரில் பட்டது.

பார் ஆடியது. அவள் மெத்தையில் விழுந்து, மல்லாந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாயும் திரும்பி வந்து பார்த்தது. பார் இன்னும் ஆடியது. நானும் ஆடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு மாமா சொன்னார்.

நின்றது. வெள்ளைக் கொடி ஏறியது. தாண்டிவிட்டாள்.

கொக்கு எழுந்து குதிப்பாள், என்னைக் கட்டிக்கொள்வாள், மாமியார் காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் இறங்கி நேராகக் கம்பிடம் போனாள். பையிலிருந்து துண்டை எடுத்தாள். ஓடுபாதை ஓரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, கம்பை மடியில் போட்டுத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்தாள், எச்சில் தொட்டுத் துடைத்தாள், நகத்தால் சுரண்டினாள். அழுதுகொண்டே சுரண்டினாள். மாமியார் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"இங்க கொஞ்சம் இருக்கு பாரு" என்றார்.

ஒலிபெருக்கியில் என் மனைவியின் பெயரை அழைத்தார்கள். ஒரு நிமிடம். மஞ்சள் கொடி. பாரை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றினார்கள்.

கம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மொட்டைமாடியில் கிடத்தினோம். ஜன்னலை மூடினேன். அடுப்படிக்குப் பழக்கத்தில் தவழ்ந்தே போனேன். பாதியில் எழுந்து நின்றேன். கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் இங்கேதான் படுத்திருந்தாள், சுவர்ப்பக்கம் திரும்பி. தலைவலிக்கு மாத்திரை எடுத்துவரப் போனேன். அடுப்படி வாசலில் கம்புக்குக் கீழே குனிந்தபோது பின்னாலிருந்து சொன்னாள்:

"கொக்கு வந்து கேட்டா கம்பக் குடு. கேட்டாத்தான். பிசினத் தொடச்சுட்டுத் திருப்பித் தரச் சொல்லு, அவ தொடைக்கவே மாட்டா."